எட்டாவது கட்டத்தில் விரலை எடுத்தேன்

நாற்பத்தெட்டு வயதில் என் சொந்த மகளை நானே சாகடித்தேன். போலீஸைக் கூப்பிட வேண்டாம், செத்தது அவளுடைய பொம்மை. ஆனால் அன்றைக்கு எங்கள் முகங்களைப் பார்த்திருந்தால் நீங்கள் மாலை வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

மகள் செல்வி திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நகரியிலிருந்து மாம்பழம் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். அவளும் இரண்டு நண்பர்களும் கட்டம் போட்ட ஒரு விரிப்பைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்னப் பொம்மை. அவரவர் பொம்மையாகவே மாறிப் பேசி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற ஆட்டம். கதை சொல்லி ராட்சசர்களை ஏவுகிறவன் ஹர்ஷா. கூட ஆடுகிறவன் ரஃபி. வைத்தியராக ஆடும் பெண்ணுக்கு அன்று காய்ச்சல்.

"நைனா, அவ பொம்மைய நீ புடிச்சிக்க. சும்மா குந்தினாப் போதும்," என்றாள் செல்வி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்முகிறவன். (தறி ஓட்டுகிற வேலை எனக்குப் பிடித்ததே அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது என்பதால்தான்.) மறுக்கவும் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்தேன்.

ஹர்ஷா தெலுங்கும் தமிழுமாக விளக்கினான். "சிம்பிள் அங்கிள். ஒரு தடவைக்கு ஆறு கட்டம் நடக்கலாம். ஓடினா பன்னெண்டு. ராட்சசனை ஒட்டிக்கினு போனா, அவன் சும்மா ஒரு அடி குடுப்பான். பொம்மை மேல இருந்து விரலை எடுத்துட்டா அந்தத் தடவை அய்பொயிந்தி, முடிஞ்சுது. இது புக்ல இல்ல. நாங்களே போட்டுக்கின ரூல்."

முதல் அரை மணி நேரம் தலையாட்டியே ஓட்டினேன். அப்புறம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பகடை உருளும்போதெல்லாம் முட்டி போட்டு எழுந்தேன். "போடு அவன, உடாத" என்று யாரோ கத்தினார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

கடைசிச் சண்டை ஒரு கோயிலுக்குள். நடுவில் கருவறை, அதற்குள் ஒரு கல் உருவம். செல்வியின் வில்லாளிப் பெண், அவள் இரண்டு வருஷமாக வளர்த்தவள், அடிபட்டு விழுந்துவிட்டாள். இந்தத் தடவைக்குள் நான் பக்கத்தில் போய் மருந்து ஊற்றாவிட்டால் ராட்சசனின் அடுத்த அடியில் செத்துப்போவாள். செத்தால் திரும்பி வரமாட்டாள். செல்வி நகம் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அவள் நகம் கடித்ததில்லை.

என் பொம்மை சாமிக்கு நேர் எதிரே நின்றது. வலப்பக்கம் நாலாவது கட்டத்தில் வில்லாளி. நடுவில் ஒரு ஈ எறும்பு கிடையாது. ஆனால் அந்தப் பக்கம் போனால் அப்பிரதட்சணம். சாமியை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றி எனக்குப் பழக்கமில்லை. விரல் நகரவே மாட்டேன் என்றது. இடப்பக்கமாக எண்ணிப் பார்த்தேன். முழுக்கச் சுற்றினாலும் பதினோராவது கட்டத்தில் அவள் பக்கத்தில் இருப்பேன். ஓடினால் பன்னிரண்டு. சாமிக்கும் குற்றமில்லை, மகளுக்கும் மருந்து. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன்.

"நைனா, அங்க எங்க போற?"

"வந்துக்கினே இருக்கேன்மா."

மூலையில் ஒரு ராட்சசன், ஒரு அடி. அடுத்த மூலையில் இன்னொருவன், இன்னொரு அடி. உயிர் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஆறு, ஏழு, எட்டு. கருவறைக்கு நேர் பின்னால் வந்தேன். கோயிலில் அந்த இடத்தில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

செல்வி நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

"அங்கிள்," என்றான் ஹர்ஷா மெதுவாக, "விரலை எடுத்துட்டீங்க."

"சாமி கும்புட்டேன்பா."

"அது சாமி இல்ல அங்கிள். ராட்சசங்களோட ராஜா, கல்லாட்டம் நிக்கிறான். மூணு மாசமா அவனக் கொல்லத்தான் வந்துக்கினு இருக்கோம்."

"கற்பூரம் ஒண்ணுதான் கொறச்சல்," என்றான் ரஃபி.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்நியர்கள் முன்னால் நான் சண்டை போட்டேன். "தப்பு என்து. அந்த அடிய எனக்குக் குடு. அவள உட்டுடு" என்று விரிப்பைத் தட்டினேன். குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

செல்விதான் என் கையைப் பிடித்தாள். "உடு நைனா. விரல் ரூல எழுதினதே நான்தான்."

ராட்சசன் அடித்தான். வில்லாளி செத்தாள். செல்வி பொம்மையைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தாள். அப்புறம் எனக்குத்தான் முதல் மாம்பழத்தை அறுத்துக் கொடுத்தாள். இனிப்பா புளிப்பா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் அவர்கள் நோட்டில் அவள் கையெழுத்திலேயே ஒரு புது ரூல் ஏறியது: சாமி கும்பிட எடுத்த விரல் சேர்த்தி இல்லை. அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத என் மனைவியிடமும் கதை போய்விட்டது. இப்போது எந்தக் கோயிலில் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் பக்கத்திலிருந்து அவள் குரல் வரும்: "உள்ள யாருன்னு கேட்டுக்கினியா?"