மேசைக்கு அடியிலிருந்து ஓர் அறிவிப்பு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அவரைப்போல வெட்கப்படும் ஆண்பிள்ளை இன்னொருவர் கிடையாது. பிழைப்போ மைக்செட். எங்கள் தெருவில் அவருக்கு வேறு பெயரே இல்லை, மைக்செட் அண்ணன்தான்.

சிலர் சந்தோஷத்துக்குக் குடிப்பார்கள், சிலர் துக்கத்துக்கு. அண்ணன் வெட்கத்துக்குக் குடித்தார். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் வாய் திறக்கும், திறந்தால் மூடாது. செட்டியார்பட்டியில் ஒரு பதினாறாம் நாள் காரியத்தில், “இவ்விழா இவ்வீட்டில் ஆண்டுதோறும் நடக்க வாழ்த்துகிறோம்” என்று முழங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நாலு பேர் முன்னால் பேசுவதற்காகத் தொடங்கிய குடி, ஒருவருமே இல்லாத காலை ஆறு மணிக்கும் வந்துவிட்டது. கை நடுங்கியது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். திரும்பி வந்தவர் நாற்பது நாள் குடிக்கவில்லை. பேசவும் இல்லை, பாட்டு மட்டும் போட்டார்.

நாற்பதாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். மைக்செட் அண்ணனுடையது. அந்தக் கூட்டத்தில் என் நாலு வயது மகள் கையை விட்டுவிட்டாள். நான்தான் விட்டேனோ, இன்றும் தெரியவில்லை. பந்தலுக்கு ஓடினேன்.

“அண்ணே, மீனாவக் காணோம்! மஞ்சக் கவுனு! மைக்குல சொல்லுங்க!”

“நானா? பேசுத ஆளு சாப்பிடப் போயிருக்காரு தங்கச்சி. செத்த நேரம்…”

“செத்த நேரமா!”

மைக்கை எடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “ஒரு கட்டிங் போட்டுட்டாவது பேசுங்கண்ணே!”

அண்ணன் என்னையே பார்த்தார். “அத மட்டும் சொல்லாதீக” என்றார். மைக்கோடு மேசைக்கு அடியில் புகுந்து துணியை இழுத்து மூடிக்கொண்டார்.

அடுத்த நொடி ரத வீதி அதிர்ந்தது.

“ஏட்டி மீனா! மைக்செட் மாமா பேசுதேன்! அழாம அங்கனயே நில்லு! மஞ்சக் கவுனு போட்ட பிள்ளையப் பாத்தவுக மைக்செட் பந்தலுக்குத் தூக்கிட்டு வாங்க!”

மூச்சு விடாமல் பத்துத் தடவை. கூட்டம் அண்ணாந்து ஆளைத் தேடியது.

வளையல் விற்கும் அம்மா ஒருவர் மீனாவை இடுப்பில் தூக்கி வந்தார். நான் அழுதுகொண்டு கை நீட்டினால், அவளோ இறங்கி நேராக மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டாள். மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஊரே கேட்டது:

“மாமா, ஒளிஞ்சு விளையாடுறியா?”

“ஆமாத்தா. இன்னிக்கு மாமாதான் ஜெயிச்சேன்.”

அதற்குப் பிறகும் இன்றுவரை அண்ணன் குடிக்கவில்லை. அறிவிப்பு மட்டும் மேசைக்கு அடியிலிருந்துதான்.

அடுத்த மாதம் மீனாவுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் முதல் வேலையாக நல்ல உயரமான மேசை ஒன்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணனுக்குக் குனிந்தால் இடுப்பு வலிக்கும்.