எடைப் பெட்டிக்குக் கிடைத்த அங்கீகாரம்

வெல்டருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைச் செய்தாலும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் செய்வார். குடிப்பழக்கமாக இருந்திருந்தால் நாலு பேர் சொல்லித் திருத்தியிருப்பார்கள். இதை நல்ல பழக்கம் என்று எல்லோரும் நினைத்துவிட்டதால் முற்றிவிட்டது.

அவர்கள் வீட்டில் ஒரு சின்ன டிராக்டர் உண்டு. பட்டறை அவருடையது, டிராக்டர் ஓட்டுவது மனைவி. மழைக்கு முன் கால்வாய்க் கரையை உயர்த்தாவிட்டால் விதைத்த நிலம் முழுக்கத் தண்ணீரில் போய்விடும் என்பதால், டிராக்டருக்கு முன்னால் மண் அள்ளும் வாளி ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். முதல் நாள் அவள் வாளி நிறைய ஈரமண்ணைத் தூக்கியதும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் எழும்பின. அவள் பதறாமல் வாளியை இறக்கினாள். பதறியது வெல்டர்தான். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"முன்னால கனம் ஏறுனா பின்னாலயும் கனம் வேணும்ங்க. பக்கத்து நிலத்துக்காரர் மாட்டியிருக்கிற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு காங்கிரீட் ஊத்துங்க" என்றாள் மனைவி.

இரண்டே நாளில் தடித்த இரும்புத் தகட்டில் பெட்டி தயாரானது. இரண்டரை அடி அகலம், உள்ளே குறுக்குக் கம்பிகள், மேலே மூடி, டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் கைகளில் மாட்ட மூன்று கொக்கிகள். மனைவி சிமென்ட் மூட்டையைப் பிரிக்கும்போது வெல்டர் சட்டையை மாட்டினார்.

"எதுக்கும் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"பக்கத்து நிலத்துக்காரர் பத்து வருஷமா ஓட்டறாரே, அவர் யாரைக் கேட்டாரு?"

"அதனாலதான் அவர்கிட்ட ஒரு பேப்பர்கூட இல்ல."

வாகனப் பிரிவில், சக்கரம் இல்லாத எதுவும் தங்களைச் சேர்ந்தது அல்ல என்று கட்டடப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டட அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"உள்ளே என்ன போடப் போறீங்க?"

"காங்கிரீட் சார்."

"கம்பி?"

"கட்டியிருக்கேன் சார்."

"கம்பி கட்டி காங்கிரீட் போட்டா அதுக்குப் பேர் என்ன?"

"வெயிட் பெட்டி."

"கட்டடம்."

"ரெண்டரை அடிதான் சார் இருக்கு!"

"சின்னக் கட்டடம்."

"டிராக்டரோட போகும் சார்."

"கட்டடம் போகாது. போனா இடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். இடிக்கிறதுக்குத் தனி மனு."

பதினோரு நாள் கழித்து ஆணை வந்தது. மேற்படி கட்டடம் மனிதர் புழங்கத்தக்க வகையில் உட்புறம் யாதொரு அடைப்புமின்றிக் காலியாக வைக்கப்பட வேண்டும் என்றும், அது நகராத்தன்மை உடையது எனச் சான்றளிக்கப்படுகிறது என்றும், இறுதி ஆய்வு நேரில் நடைபெறும் என்றும் அதில் கண்டிருந்தது. வெல்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

"கனத்துக்குன்னு செஞ்ச பெட்டியக் காலியா வெக்கணுமா?" என்றாள் மனைவி.

"காலியா இருந்தாலும் அங்கீகாரத்தோட இருக்கு பாரு!"

அவள் ஆணையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். மேகம் திரண்டுகொண்டிருந்தது.

இறுதி ஆய்வுக்கு அதிகாரி இரண்டு உதவியாளர்களோடு வந்தார். பெட்டி டிராக்டரின் பின்னால் மாட்டியிருந்தது. கூரையின் பலம் பார்க்க வேண்டும் என்று சொல்லி மூடிமேல் ஏறி உட்கார்ந்தார். அவர் சொல்வதை எழுத ஒருவர், எழுதியதைச் சரிபார்க்க ஒருவர் என்று மற்ற இருவரும் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்த மனைவி வாளியை மண்ணோடு தூக்கிப் பார்த்தாள். பின்சக்கரம் அசையவே இல்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு கியரைப் போட்டாள்.

"அம்மா! நிறுத்துங்க! போகுது!"

"எது சார் போகுது?"

"கட்டடம்!"

"நகராதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

உதவியாளர் கோப்பைப் புரட்டிக் கையெழுத்தைக் காட்டினார். கட்டடம் நகர்ந்திருந்தால் கையெழுத்து பொய். பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி அதிகாரி தீர யோசித்தார்.

"நகரலை. எழுதுய்யா."

"மரமெல்லாம் பின்னால போகுதே சார்?"

"அது வனத்துறை."

அன்று மாலைக்குள் கரை பாதி உயர்ந்துவிட்டது. 'ஆய்வு தொடரும்' என்று எழுதிவிட்டு, மறுநாளிலிருந்து மூவரும் பத்து மணிக்கு வந்து ஏறி ஐந்து மணிக்கு இறங்கினார்கள். நல்ல காற்று, மனு தொல்லை இல்லை. ஆபீஸுக்கு வந்தவர்களுக்கோ அவர்கள் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பக்கத்து நிலத்துக்காரருக்குத்தான் தூக்கம் போனது. "அவங்களுக்கு மூணு ஆபீசர், நமக்கு வெறும் காங்கிரீட்டா?" என்று, பத்து வருஷம் உழைத்த காங்கிரீட்டைக் கடப்பாறையால் கொத்தி எடுத்துப் போட்டுவிட்டு விண்ணப்பித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொத்தினார்கள். ஒரே வாரத்தில் ஒவ்வொரு டிராக்டரின் பின்னாலும் ஏதோ ஒரு பிரிவு உட்கார்ந்திருந்தது. நாலு பேர் கிடைத்தவர் இரண்டு பேர் கிடைத்தவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எல்லாப் பிரிவும் இறங்கி வீட்டுக்குப் போனது. ஐந்தரைக்கு முதல் தூறல் விழுந்தது. கரையில் கடைசி இருபதடி பாக்கி. மனைவி கொட்டகையில் சிமென்ட்டைக் கொட்டினாள்.

"ஆணையில காலியான்னு போட்டிருக்கு" என்றார் வெல்டர்.

"டிராக்டர் குப்புற விழுந்தா அந்த ஆணை வந்து என்னைப் பிடிக்குமாங்க?"

இவள் இல்லாத வீட்டில் அந்தச் சட்டம் போட்ட காகிதத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பதை வெல்டர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை வாங்கிக் கலவையைப் பெட்டிக்குள் தள்ளினார். வாழ்க்கையில் முதல் முறையாக யாரையும் கேட்காமல் செய்த காரியம் அது.

ஞாயிற்றுக்கிழமை கால்வாய் பொங்கியது. மற்ற டிராக்டர்கள் வாளியைத் தூக்குவதும் வாலைத் தூக்குவதுமாக நின்றன. இவள் ஒருத்தி மட்டும் மண் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தாள். நனைந்தபடி ஊரே ஓடிவந்தது.

"லீவு நாள்ல உங்களுக்கு மட்டும் யார் வந்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து நிலத்துக்காரர் மூடியைத் திறந்தார். விளிம்புவரை காங்கிரீட் நிறைந்திருந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். மூடியை மரியாதையோடு மூடினார். பிறகு வெல்டரைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுக்கு எந்த ஆபீஸ்ல மனு கொடுக்கணும்?"