காருக்குக் கீழிருந்து நீண்ட கை

பட்டப்பகலில் ஒரு பேய்க்கு டைமிங் பெல்ட் விற்றவன் நான். மறைத்துப் பயனில்லை.

இருபத்தாறு வயதில், என் பழைய காரின் எஞ்சினை வலுக்கூட்டிக் கல்முனையையே அதிர வைக்கும் யோசனை எனக்கிருந்தது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கென்றே செய்த நீலநிற பெல்ட் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அது வந்த கிழமையே கார் விலைப்பட்டுவிட்டது. (விற்றது வாப்பா. என்னிடம் கேட்கவில்லை.) இணையத்தில் விளம்பரம் போட்டேன்: 'பாவிக்காதது.'

ஒரு மாதம் கழித்து, வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் ஓர் அழைப்பு. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல்.

"பெல்ட் இருக்கா?"

"ஓம்."

"மருதமுனைக்குக் கொண்டு வாங்க. பச்சைக் கேட். நேரே பின்னுக்கு வாங்க."

மோட்டார் சைக்கிளில் போனேன். வெயிலில் தெரு செத்துக் கிடந்தது. எதிர்வீட்டுப் பெண் மட்டும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆரத் தேடுறீங்க மகன்?"

"கார் வெச்சிருக்கிறவர். பெல்ட் கேட்டார்."

அவர் முகம் மாறியது. "அந்த மனிசன் மவுத்தாகி நாப்பது நாளும் ஆகல்லியே! எந்த நேரமும் காருக்குக் கீழதான் கிடப்பாரு."

(செத்தவர் பெல்ட் கேட்டாரென்றால், புத்தியுள்ளவன் அங்கேயே திரும்பியிருப்பான்.) பின்வளவில், தென்னைகளுக்கு நடுவில், என் கார் மாதிரியே ஒன்று. பொனட் திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன். ஆளில்லை.

"கொண்டு வந்தீங்களா?"

அதே குரல். நிலத்துக்குள்ளிருந்து. காருக்குக் கீழாலே கறுத்த கை ஒன்று மெதுவாக நீண்டது. நான் என்ன செய்தேன்? மரியாதையாகப் பெட்டியை அதில் வைத்தேன். விரல்கள் பெட்டியைப் பிரித்து, பெல்ட்டின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவின.

"எவ்வளவு நாளாத் தேடுறன்," என்றது குரல். "நீங்களும் கீழ இறங்கி வாங்களன்."

பேய் பிசாசுக்குக் காவலாக ஓதும் ஆயத்துல் குர்ஸி எனக்கு மனப்பாடம். அன்றைக்குத் தொடக்கத்து பிஸ்மிக்கு அப்பால் ஒரு சொல்லும் வரவில்லை. மோட்டார் சைக்கிளைச் சாவியோடு அங்கேயே விட்டுவிட்டு, பிரதான வீதி வரைக்கும் ஓடினேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, விளம்பரத்திலிருந்த முகவரியைப் பார்த்து, பேய் என் மோட்டார் சைக்கிளிலேயே வீட்டுக்கு வந்தது. பெயர் ரிஸ்வான். மவுத்தானவரின் மகன். தன் வாப்பா பாதியில் விட்ட காரை முடிக்க, காருக்குக் கீழே அவர் வெட்டி வைத்த குழிக்குள் நின்று வேலை செய்திருக்கிறார். போனில் கதைத்ததும் அதற்குள்ளிருந்துதான். அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

"பெல்ட் பொருந்திட்டு. நீங்க ஏன் ஓடினீங்க?" என்றார். எனக்கு அந்தக் குழிக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். அடுத்த வருஷம் அவளுக்கும் ரிஸ்வானுக்கும் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து குடியிருப்பார்.

இப்போதும் வீட்டில் எங்காவது கதவு கிறீச்சிட்டால் உம்மா என்னைத்தான் கூப்பிடுவா: "பயப்பிடாத மகன், மச்சான்தான்."