நாற்பத்தாறு பக்கப் பாதுகாப்பு

தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவர்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பது கஷ்டம். வேறு யாரையும் குறை சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக எனக்கு அந்த வேலை. ஒரு திருகாணி கால் சுற்றுத் தளர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதை முடுக்கியவர் யார், முடுக்கும்போது யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதுவரை எழுதி வாங்கிவிடுவேன். வேலையில் நான் கெட்டிக்காரி என்பதை இன்றும் கூச்சமில்லாமல் சொல்வேன். சாயங்காலம் தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் கூடவே வீட்டுக்கு அழைத்து வந்ததுதான் தப்பு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் தளர்ந்துபோன நேரம் அது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த்துக்கும் எங்கள் தீவுக்கும் போய்வரும் ஃபெர்ரியில் முப்பது வருடம் இயந்திர அறையில் வேலை செய்தவர். பேச்சு கொஞ்சம் குழறியது. கேலி மட்டும் குழறவே இல்லை. அம்மா இறந்துவிட்டதால் பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் வேலைக்குப் போனால் அவரைப் பார்க்க ஆள் வேண்டும். ஜார்ஜ் டவுனில் இருக்கும் ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் சொல்லி, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்தேன்.

வந்தவர் புஷ்பா அக்கா. கூலிம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், முறையாகப் பயிற்சி எடுத்தவர். உள்ளே வந்து பையைக் கீழே வைத்ததும் அப்பாவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அங்கிள், நான் புஷ்பா. இனிமே உங்களோடதான் இருக்கப்போறேன். உங்களுக்கு ஓகேயா?"

அப்பா யோசித்தார். "சமையல் எப்படி?"

"சுமாராத்தான் வரும்."

"பொய் சொல்லல. ஓகே லா."

அவர்களுக்குள் நேர்முகத் தேர்வு அதோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. நிறுவனம் கொடுத்த பாதுகாப்புப் படிவத்தைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டே பக்கம்! எங்கள் தொழிற்சாலையில் விளக்கு மாற்றுவதற்கே ஏழு பக்கம் உண்டு. அப்பா என்ன விளக்கைவிடக் குறைந்தவரா?

மூன்று வாரம் உட்கார்ந்து, நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு பாதுகாப்புக் கையேடு தயாரித்தேன். கெட்டி அட்டை போட்ட நீலக் கோப்பு. கட்டிலைச் சுற்றித் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினேன். சக்கர நாற்காலிக்கு எண் கொடுத்தேன். (ஒரே நாற்காலிக்கு எதற்கு எண் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.) அப்பா குடிக்கும் தேநீருக்கு இத்தனை பாகை சூடு என்று வெப்பமானி வாங்கி வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புஷ்பா அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

தலைமாட்டில் நான் மாட்டியிருந்த அட்டவணையை அப்பா ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலரு, என்னைய எப்ப டப்பாவுல போட்டு அனுப்பப்போற?"

"அப்பா, இது உங்க சேஃப்டிக்கு."

"ஃபெர்ரி இஞ்சினுக்குக்கூட இவ்ளோ பேப்பர் இல்ல."

புஷ்பா அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். 'இன்று நடந்த அசம்பாவிதங்கள்' என்ற கட்டத்தில் தினமும் 'இல்லை' என்று எழுதுவார். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், நான் அரை நாள் விடுப்பில் சீக்கிரம் வந்து எல்லாவற்றையும் சோதித்த அன்று, 'மகள் வந்தாங்க' என்று எழுதியிருந்தார். (தகவலாக எழுதினார் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்திலிருந்து ஒரு தாதி வந்து சோதனை செய்வார். பெயர் ஃபரீதா. எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என் கையேட்டின் பெருமையை அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தொழிற்சாலையில் முன்னறிவிப்பு இல்லாமல் தீயணைப்பு ஒத்திகை நடத்துவோம். அதேபோல் வீட்டில், முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு விழுதல் ஒத்திகை. விழப்போவது நான். புஷ்பா அக்கா முப்பது விநாடிக்குள் வந்து சேர வேண்டும். பக்கம் பதினேழில் அப்படித்தான் போட்டிருக்கிறேன். அதே நேரம் மிஸ்ஸி வாசலில் வந்து நின்று வியந்துபோவார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அப்பா கூடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். புஷ்பா அக்கா சமையலறையில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் குளியலறைக்குள் போனேன். புஷ்பா அக்கா தினமும் காலையில் அந்தத் தரையைத் தேய்த்து, துடைத்து, காயவைத்துவிடுவார். காய்ந்த தரையில் விழுந்து கிடந்தால் யார் நம்புவார்கள்? ஒரு குவளைத் தண்ணீரை நானே ஊற்றினேன். கொஞ்சம் சவர்க்கார நுரையும் சேர்த்தேன், இயல்பாக இருக்கட்டும் என்று. கைத்தொலைபேசியில் நேரக் கணக்கை ஓடவிட்டேன். மெதுவாக உட்கார்ந்து, பிறகு படுத்து, பிறகு கத்துவதாகத் திட்டம்.

உட்காருவதற்கு ஒரு காலை முன்னால் வைத்தேன். திட்டத்தில் எனக்கு நினைவிருக்கும் கடைசிப் பகுதி அதுதான்.

அடுத்து நினைவிருப்பது கூரை. எனக்கும் சுவருக்கும் நடுவில் இடது கை மாட்டியிருந்தது. கத்த வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன் இல்லையா, அது மட்டும் திட்டத்தைவிடப் பத்து மடங்கு சிறப்பாக வந்தது.

"ஐயோ! அப்பா!"

வெளியே ஏதோ உருளும் சத்தம். பிறகு புஷ்பா அக்காவின் குரல், கூர்மையாக: "அங்கிள், வேணாம்! உக்காருங்க! நான் இருக்கேன்!"

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். உடற்பயிற்சி கொடுக்க வருபவர் மூன்று மாதமாகக் கெஞ்சியும் தனியாக எழுந்து நிற்காத அப்பா, என் சத்தம் கேட்டதும் இடது கையை ஊன்றி எழுந்து நின்றிருக்கிறார். நின்றவர் ஒரு அடியும் எடுத்து வைத்திருக்கிறார். வலது கால் மடங்கியபோது புஷ்பா அக்கா பிடித்துவிட்டார். அவர் பிடிக்காமல் இருந்திருந்தால் என்று தொடங்கும் வாக்கியத்தை இன்றும் நான் முடிப்பதில்லை.

உள்ளே எனக்கு இது எதுவும் தெரியாது. வலியோடு சேர்ந்து கோபமும் வந்தது. முப்பது விநாடி தாண்டியாகிவிட்டது!

"புஷ்பாக்கா! ஒரு நிமிஷம் ஆச்சு!" என்று தரையில் கிடந்தபடியே கத்தினேன்.

"மொதல்ல அங்கிள், அப்புறம் நீங்க. அசையாம இருங்க!" என்றார் வெளியிலிருந்து. அப்பாவை உட்காரவைத்து, சக்கரத்தின் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் வந்தார். கைப்பிடியைத் திருகினார். திறக்கவில்லை.

"உள்ள பூட்டியிருக்கீங்களா மலர்மா?"

பூட்டியிருந்தேன். பழக்க தோஷத்தில் உள்ளே போனதும் கைப்பிடி நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கியிருந்தேன். குளியலறைக் கதவை யாரும் எக்காரணம் கொண்டும் உட்புறம் பூட்டக்கூடாது: பக்கம் ஒன்பது, தடித்த எழுத்து, சிவப்பு மை, எழுதியது நான்.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி ஃபரீதா வாசலுக்கு வந்துவிட்டார். புஷ்பா அக்கா, "மிஸ்ஸி, அங்கிளப் புடிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியின் வெளிப்பக்கக் கீறலில் ஒரு ஐந்து காசைச் செருகித் திருப்பினார். கதவு திறந்துகொண்டது. பதறி ஓடிவரவில்லை. முதலில் ஒரு துண்டை விரித்துத் தரையை ஒற்றினார். பிறகுதான் கால் வைத்தார். தலை அடிபட்டதா, கழுத்து வலிக்கிறதா, கால் விரல்களை அசைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இவ்ளோ தண்ணி எப்படி வந்துச்சு? நான் காலைலயே தொடச்சேனே," என்றார், தன்மேல்தான் தப்போ என்ற கவலையோடு.

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "நான்தான் ஊத்துனேன்," என்றேன். "டிரில்."

"அல்லா," என்றார் கூடத்திலிருந்து மிஸ்ஸி.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. அசையாமல் கட்டிவைக்க, கெட்டியான எதையாவது கொண்டு வரச் சொன்னார் மிஸ்ஸி. புஷ்பா அக்கா சுற்றுமுற்றும் பார்த்து, என் நீலக் கோப்பைக் கொண்டு வந்தார். உள்ளிருந்த நாற்பத்தாறு பக்கத்தையும் உருவி மேசையில் வைத்துவிட்டு, அட்டையை மட்டும் கைக்கு அண்டக்கொடுத்துத் துணியால் கட்டினார்கள். அந்தக் கோப்பு ஒரு மனிதரைப் பாதுகாத்தது அதுதான் முதல்முறை.

மருத்துவமனையில் எலும்பில் கீறல் என்றார்கள். மாவுக்கட்டு, ஆறு வாரம். திரும்பி வந்தபோது என் கைத்தொலைபேசி கழுவுதொட்டிக்கு அடியில் கிடந்தது, நேரக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது: நான்கு மணி நேரம் பதினோரு நிமிடம். எங்கள் தொழிற்சாலையில்கூட இவ்வளவு நீளமான ஒத்திகை நடந்ததில்லை.

சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. திங்கட்கிழமை மிஸ்ஸி அறிக்கையோடு வந்தார். பராமரிப்பாளர் செய்தது அனைத்தும் சரி. வீடு தேறவில்லை. உரிந்து நிற்கும் மஞ்சள் நாடா, நோயாளியின் கால் தடுக்கும் அபாயம். மணிக்கொரு கையெழுத்து, பராமரிப்பாளரின் கவனம் சிதறும் அபாயம். விபத்தின் காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: மகள்.

"தங்கச்சி, ரெண்டு வாரத்துல இதெல்லாம் சரி பண்ணணும். இல்லாட்டி நாங்க ஆள எடுத்துருவோம். எங்க ஆளுங்களுக்கும் சேஃப்டி வேணும்தானே?"

பராமரிப்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது என் நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு வரியில்கூட இல்லை. மிஸ்ஸி புஷ்பா அக்கா பக்கம் திரும்பினார். "வேற வீடு வேணும்னா சொல்லுங்கக்கா, மாத்தித் தர்றேன்."

அப்பா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கேலி எதுவும் வரவில்லை.

"இருக்கேன் மிஸ்ஸி," என்றார் புஷ்பா அக்கா. "இந்த நெலமையில ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அன்றைக்கே ஒற்றைக் கையால் மஞ்சள் நாடாவை உரித்தேன். புஷ்பா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, இனிமே எதுனாலும் எங்கிட்ட மொதல்ல சொல்லுங்க," என்றதோடு விட்டுவிட்டார்.

ஆறு வாரமும் அவர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். அருகில் இருந்து பார்த்தபோதுதான் ஒன்று கவனித்தேன். அப்பாவைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும், "அங்கிள், இப்ப தூக்கப்போறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்த பிறகே அவர்மேல் ஊற்றுவார். கரண்டியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, வாய்க்குப் போய்ச் சேரும்வரை அவசரப்படுத்தாமல் காத்திருப்பார். இப்போது எங்கள் வீட்டுக் கையேடு ஒரு பக்கம்தான். எழுதியது அவர், தட்டச்சு மட்டும் நான். (எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, மூன்று முறை சோதித்தேன்.)

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். அப்பா கைத்தடி ஊன்றி, புஷ்பா அக்கா பக்கத்தில் வர, தானே நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கினியைச் சுற்றி வரும்போது நான் சேலை மடிப்பை மிதித்து, முழங்கால் தரையில் பட விழுந்தேன். மேளம் நின்றது. மண்டபம் முழுக்க ஒரு சத்தமில்லை. அந்த அமைதியில், ஓர் எழுத்துகூடக் குழறாமல், அப்பாவின் குரல் கேட்டது:

"மலரு, நெசமா, டிரில்லா?"

என் பக்கத்துச் சொந்தங்கள் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரருக்கு மறுபடி ஊத மூச்சு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். பந்தியில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னவர் புஷ்பா அக்கா.

போன வாரம் மாமியார் வீட்டுச் சமையலறையில் குழம்புச் சட்டி கைதவறி விழுந்து நான் அலறினேன். கூடத்திலிருந்து மாமியாரும் மாமனாரும் என் கணவரும் ஒரே குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பதில் தெரியும்வரை ஒருவரும் எழுந்து வரவில்லை.