கீறு கீறு கிர்ருக்கு வந்த தடை

ஒரு காட்டில், எல்லாக் காடுகளிலும் இருப்பதுபோல, ஓர் அலுவலகம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு ஜன்னல். திங்கட்கிழமை காலை அந்த ஜன்னல் வரிசையில் பூரணம் என்கிற கரடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். அந்தக் காட்டு வழக்கப்படி பெண் மேடை ஏறும்போது ஒரே ஒரு பாட்டுதான் போடுவார்கள். பூரணம் மேடை ஏறிய அன்று அவளுக்குப் பிடித்த தேன்கூட்டுப் பாட்டை, "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று அவளுடைய அம்மாவே நிறுத்திவிட்டாள். பாட்டே இல்லாமல், மாடு தொழுவத்துக்குப் போவதுபோல மேடை ஏறினாள் பூரணம். அந்தப் பாட்டை மகள் கல்யாணத்திலாவது போட்டுவிடவேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தாள். மகளோ 'கீறு கீறு கிர்ரு'தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதில் பாதி, மரத்தில் நகம் தீட்டுகிற சத்தம்.

ஜன்னலுக்குள் இருந்த ஆமை குமாஸ்தா, அந்தப் பாட்டுக்குத் தடை கேட்டுப் பூரணம் நீட்டிய மனுவை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறுமனே 'கண்றாவி'ன்னு எழுதினா ஆச்சாம்மா? பாட்டு முழுக்க எழுதணும். எழுதினது சரியான்னு இங்கயே பாடிக் காட்டணும். தாளம் தப்பினா மனு செல்லாது."

பூரணம் வீட்டுக்குப் போய், மகளுக்குத் தெரியாமல் அவளுடைய போனை எடுத்துக் குளியலறையில் வைத்து முப்பது தடவை கேட்டாள். செவ்வாய்க்கிழமை பாடினாள். இரண்டாவது சரணத்தில் ஒரு கிர்ரு குறைகிறது என்று ஆமை திருப்பி அனுப்பினார். மறுநாள் கிர்ரு எல்லாம் சரி, ஆனால் இடுப்பை அசைக்காமல் பாடினால் அது வேறு பாட்டு என்றார். வரிசையில் பின்னால் நின்ற முள்ளம்பன்றி, "அக்கா, இப்படி" என்று ஆடிக் காட்டியது. அதன் முள் குத்தியதைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை. ரேஷன் கார்டுக்கு வந்த முயல்கள் கை தட்டின.

வியாழக்கிழமை பூரணம் ஒரு பிழையும் இல்லாமல் பாடினாள். ஆமை கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே முத்திரை குத்தினார். திரும்பும் வழியெல்லாம் அவள் கால் சும்மா இல்லை. பாதி வழியில் நின்றாள். திரும்பி ஓடினாள்.

"ஐயா, அந்த மனுவை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாபஸுக்குத் தனிப் படிவம். அது தீர்ந்துபோச்சு," என்றார் ஆமை.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மகளுக்கு ஆசையான பாட்டைக் கெடுத்துவிட்டோம் என்று வெளியே சொல்லிக்கொண்டாள். தனக்கும் ஆசையாகிவிட்டது என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டப வாசலில் தடை உத்தரவை ஒட்டினார்கள். பூரணம் அழாத குறையாக மகளிடம் போய் நின்றாள். தர்ஷினி கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டே, "அதுவா? அது பழசும்மா. போன வாரப் பாட்டு. இப்ப யார் அதைக் கேக்கிறா?" என்றாள்.

பிறகு அவள் மேடை ஏறினாள். ஒலிபெருக்கியில் யாரோ விடாமல் தும்முவதுபோல ஒரு பாட்டு வந்தது. தேன்கூட்டுப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அது பூரணத்துக்கு நினைவுக்கே வரவில்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டு சம்பந்தியம்மாவிடம் சொன்னாள்:

"இதெல்லாம் ஒரு பாட்டா, அண்ணி? கீறு கீறு கிர்ருல எவ்வளவு அர்த்தம் இருந்துச்சு."

நீதி: ஒரு பாட்டை வெறுக்கவேண்டும் என்றால் கேட்பதற்கு முன்பே வெறுத்துவிடுங்கள். கேட்டுவிட்டால் சிரமம்.