பத்துப் பொருத்தமும் பார்த்த பிக்கப்

"லைட்டை அணைச்சா பெரியம்மா அழுவுறத ஏம்பா நிறுத்திடுறாங்க?"

ஆறு வயது தவமணி ஒரு நாள் சாயங்காலம் இப்படிக் கேட்டாள். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு நம் வீடுகளில் என்ன பரிசு கிடைக்குமோ அதுதான் அவளுக்கும் கிடைத்தது. சாமி விஷயத்தில் வாயை வைக்காதே என்று அப்பன் பத்துமலை அதட்டினான். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அந்த வீட்டில் அன்று அறிவோடு திறந்த ஒரே வாய் அதுதான்.

பெரியம்மா என்றால் இருளாயி. பத்துமலையின் மனைவி வீரம்மாவுக்கு அக்கா. தவமணி பிறப்பதற்கு முன்பே ரப்பர்த் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனவள். அவள் எப்படி ஈப்போ நகரத்துச் சிலிபினில் ஒரு கிட்டாருக்குள் வந்து உட்கார்ந்து அழுதாள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் நாத சித்தரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அது எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் நாலு இளவட்டம் கூடினால் அது ஓர் இசைக்குழு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் மேடை. மேடையில் கட்டாயம் ஓர் எலக்ட்ரிக் கிட்டார். கடையில் வாங்க முடியாதவர்கள் பலகையைச் செதுக்கித் தாங்களே செய்துகொண்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. சிக்கல் பிக்கப்பில் வந்தது.

பிக்கப் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பெட்டி. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருள். கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிபையருக்கு அனுப்புவது அதுதான். விலையுயர்ந்த கிட்டாரில் இரண்டு மூன்று இருக்கும். நம்மவர்களுக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். அதைக் கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜ் ஓரத்தில் வைப்பார்கள். அங்கே வைத்தால்தான் டிரம் சத்தத்தையும் மீறிக் கணீரென்று கேட்கும். ஒரே குழி, ஒரே பிக்கப். ஒற்றைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற கதையாகிவிட்டது. மாப்பிள்ளை என்று வந்தால் ஜாதகம் வராமல் இருக்குமா? ஜாதகம் வந்தால் சித்தர் வராமல் இருப்பாரா?

வந்தார். சிம்பாங் பூலாயில் சுண்ணாம்பு மலையடியில் தகரக் கூரை போட்டு ஓர் அம்மன் சன்னதி. அங்கேதான் நாத சித்தர். முன்பு அவருக்குச் சின்னையா என்று பெயர். காம்பாரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர். அதை அவரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. கேட்காமலிருப்பதற்குத்தானே பக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கிட்டாருக்கு ஜாதகம் கணித்துப் பிக்கப் சொல்வார் சித்தர். மரம் வெட்டிய நேரமே கிட்டார் பிறந்த நேரம். அது தெரியாதா, முதல் உளி வைத்த நேரம். அதுவும் தெரியாதா, செய்தவன் தாலி கட்டிய நேரம். கல்யாணமே ஆகவில்லையா, அண்ணன் தாலி கட்டிய நேரம். கணப் பொருத்தம் பார்ப்பார். ரஜ்ஜு என்றால் கயிறு; இங்கே கம்பி இருப்பதால் ரஜ்ஜுப் பொருத்தம் கட்டாயம். பத்தும் பொருந்தினால் சிவப்பு நூல் சுற்றிய ஒரு பிக்கப்பை எடுத்துக் கொடுப்பார். காசியிலிருந்து வந்தது என்பார். காசியில் எந்தப் படித்துறையில் பிக்கப் விற்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வரிசை மெயின் ரோடு வரை நின்றது. தாப்பாவிலிருந்து லாரி பிடித்துக்கூட வந்தார்கள்.

பத்துமலைக்கு நாற்காலிப் பட்டறையில் வேலை. வீரம்மா வளர்ந்த பழைய தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது, பால் வற்றி வெட்டிய ஒரு மரத்திலிருந்து துண்டு கொண்டுவந்து கிட்டார் செய்தான். இழைத்து, தேய்த்து, வார்னிஷ் பூசி, பார்த்தவன் வாயைப் பிளக்கிற மாதிரி செய்தான். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே கடையில் சாதாரணப் பிக்கப் ஒன்று வாங்கிப் பொருத்தினான். சாலடரிங் அயன் பழக்கமில்லாத கை. சூடு தவறிப் பட்டு, பெட்டியின் ஓரம் பிறை வடிவில் உருகிவிட்டது. போகட்டும் என்று ஆம்ப்ளிபையரை முடுக்கினான். கம்பியைத் தொடுவதற்கு முன்பே கிட்டார் பேசியது.

"ங்ஙூஊஊம்..."

அடித்தொண்டையில் ஒரு பொம்பளை அழுகிற மாதிரி. கிட்டாரோடு வடக்கே திரும்பினால் உரக்க அழுதது. கிழக்கே திரும்பினால் விசும்பியது.

மாதா கோயிலில் கிட்டார் வாசிக்கிற பாஸ்கல் பக்கத்துத் தெருக்காரன். அவன் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னான்: "டியூப் லைட்டுக்குக் கிட்ட உக்காராதே லா மச்சான். அதான் கச்சாவ் பண்ணுது, இரைச்சல் அதுலருந்துதான் வருது."

நீ வேதக்காரன், எங்கள் சாமி சங்கதி உனக்குத் தெரியாது என்று பத்துமலை அவனை அனுப்பிவைத்தான். சும்மா சொன்ன புத்திக்கு என்ன மதிப்பு? அதே ஆளிடம் காணிக்கைத் தட்டு இருந்திருந்தால் கேட்டிருப்பான்.

நாத சித்தர் கிட்டாரைத் தொட்டார். சுட்டுவிட்டது போலக் கையை உதறினார். எந்தத் தோட்டத்து மரம், அங்கே உன் உறவில் யாரும் அல்பாயுசில் போனதுண்டா என்று விசாரித்தார். நூறு வருஷத் தோட்டத்தில் யார்தான் போகவில்லை? பத்துமலை, மனைவியின் அக்கா இருளாயி என்றான். சித்தர் கண்ணை மூடினார், திறந்தார். "இருளாயி" என்றார். தான் சொன்ன பெயரையே திரும்பக் கேட்டுப் பத்துமலைக்குப் புல்லரித்தது.

கடைக்காரன் பிக்கப் சுடுகாட்டுச் செம்பில் சுற்றியது என்று கழற்றி வைத்துக்கொண்டார். காசிப் பிக்கப் வந்தது. சன்னதியில் வாசித்தால் சுத்தம். வீட்டுக்கு வந்தால் அழுகை. கறி சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டிருந்தான். அடுத்த பிக்கப். வீட்டில் மறுபடி அழுகை. பொம்பளை தொட்டாளா? தூசி துடைத்திருந்தாள். அடுத்தது. குற்றம் எப்போதும் பிக்கப்பில் இருந்ததில்லை, வாங்குகிறவன் வீட்டில் இருந்தது.

இதில் வதைபட்டது வீரம்மா. சாயங்காலம் சோறு வடித்துவிட்டு அந்தக் கிட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஆம்ப்ளிபையரைத் திருகிவிட்டு, அக்கா என்ன கேட்கிறாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். ங்ஙூஊம் என்று அது இழுக்கும். இவள் சத்தமில்லாமல் அழுவாள். பத்துமலை பார்த்துக்கொண்டு நிற்பான்.

இருளாயி அப்படி அழுகிறவளும் இல்லை. பத்துமலை பெண் பார்க்கப் போன அன்று வீரம்மா காதில் ஒன்றுமில்லை. இருளாயி உள்ளே போய்த் தன் தோட்டைக் கழற்றித் தங்கைக்குப் போட்டு அனுப்பினாள். பிறகு வெறும் காதுத் துளையில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு வந்து காப்பி கொடுத்தாள். முதல் போனஸில் உனக்கு ஒரு ஜோடி எடுத்துத் தருகிறேன் அக்கா என்று பத்துமலை சொன்னான். அவள் சிரித்தாள். போனஸ் வருவதற்குள் போய்விட்டாள். ஈர்க்குச்சியோடுதான் புதைத்தார்கள்.

இப்போது சித்தர் அந்தத் தோட்டைத்தான் கேட்டார். செத்தவள் போட்டிருந்த பொருளை மலையடியில் புதைத்தால் அடங்குவாள். இல்லாவிட்டால் அவள் கண் குழந்தை மேல் விழும். வெள்ளிக்கிழமை கொண்டுவா. மறுநாள் சனிக்கிழமை சிலிபின் திருவிழாவில் கிட்டார் மேடையேற வேண்டும்.

வீரம்மா மறுப்பாள் என்று பத்துமலை நினைத்தான். அவள் மறுக்கவில்லை. அன்றுதான் தவமணி அந்தக் கேள்வியைக் கேட்டு அதட்டு வாங்கினாள். மறுநாள் இவன் பட்டறையிலிருந்து திரும்பியபோது வீரம்மா சுவரோரம் நின்றிருந்தாள்; முகம் வேறு மாதிரி இருந்தது. "நானும் வாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சன்னதியில் கால் வைக்க இடமில்லை. ஆம்ப்ளிபையருக்கே விபூதிப் பட்டை. தலைக்கு மேலே டியூப் லைட். சித்தரின் வழக்கம் இது: முதலில் கிட்டாரை ஆம்ப்ளிபையரில் மாட்டி ஆவியை அழவைப்பார். பிறகு, அம்மனுக்குக் கரண்டு வெளிச்சம் ஆகாது என்று சிஷ்யன் லைட்டை அணைப்பான். எண்ணெய் விளக்கில் பிக்கப் மாறும். வாசித்தால் ஆவி இருக்காது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பத்துமலை கிட்டாரோடு உட்கார்ந்தான். ங்ஙூஊம். கூட்டம் ஆ என்றது.

"கேட்டீங்களா? இருளாயி அழுவுறா" என்றார் சித்தர். "தோட்டைத் தட்டுல வை."

வீரம்மா எழுந்தாள். தட்டுப் பக்கம் போகவில்லை. சுவர்ப் பக்கம் போனாள். சுவிட்சை அணைத்தாள். பிக்கப் இன்னும் மாறவில்லை, மந்திரம் ஓதவில்லை. கிட்டார் ஊமையாகிவிட்டது.

போட்டாள். அழுதது. அணைத்தாள். நின்றது.

"ஏம்மா, அம்மன் சன்னதியில என்ன விளையாட்டு?" என்றார் சித்தர். குரலில் நாதம் குறைந்திருந்தது.

"விளையாட்டு இல்ல சாமி. எங்கக்கா ராத்திரி இருட்டுல தனியா ரப்பர்க் காட்டுக்குப் போயி பால் வெட்டுனவ. செத்த பிறகு அவளுக்கு லைட்டு இல்லாம அழக்கூட முடியலையா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். லாரிக்கார ராமையா கூட்டத்திலிருந்து கேட்டார்: "அப்ப இந்த ஆவிக்குக் கரண்டு ஆபீசுல வேலையா சாமி?"

புதுக் காசிப் பிக்கப்பைப் போடு, லைட்டு எரியட்டும் என்று வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றார் சித்தர். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்குச் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ராமையாவே தட்டிலிருந்து ஒரு பிக்கப்பை எடுத்து நீட்டினார். பத்துமலை சிவப்பு நூலைப் பிரித்தான். பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். பெட்டியின் ஓரத்தில் பிறை வடிவில் ஓர் உருகல். அவனுடைய சூடு. அவனுடைய சுடுகாட்டுச் செம்பு காசிக்குப் போய்ப் புண்ணியம் தேடிக்கொண்டு வந்திருந்தது.

பொருத்திக் காட்டினான். டியூப் லைட்டின் கீழே காசியும் ங்ஙூஊம் என்றுதான் சொன்னது. விளக்கை அணைத்ததும் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை. ஆளாளுக்கு நூலைப் பிரித்து அவரவர் பழைய பிக்கப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நாத சித்தர் மறுபடி சின்னையாவாகிப் பின்பக்கமாகப் போய்விட்டார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது ராமையாவிடம் கேட்டார்: "பூசை அடுத்த வெள்ளி உண்டுல்ல?"

அந்தப் பெரியவர் ஒருவரல்ல. அவரை நாம் எல்லா ஊரிலும் பார்க்கலாம், கண்ணாடியிலும் பார்க்கலாம். சாமி நமக்குக் கொடுத்த அறிவை நாமே இன்னொருவன் தட்டில் போட்டுவிட்டு, அருள் கிடைத்தது என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். சுவிட்ச் எல்லாருக்கும் எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

அன்று ராத்திரி பாஸ்கல் தன் பழைய கிட்டாரிலிருந்து ஒரு பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். அகலமாக, இரட்டைச் சுருளோடு இருந்தது. நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் இரண்டு சுருளும் எதிரும் புதிருமாக இருக்கிறது. லைட்டு இரைச்சலை ஒன்று ஆமாம் என்றால் மற்றது இல்லை என்று அழித்துவிடும். கம்பிச் சத்தத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும் என்றான். மேடை முழுக்க டியூப் லைட்டாகத்தான் இருக்கும், அதனால் இதுதான் உனக்குச் சரி என்றான். குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தினார்கள். ஜாதகம் பார்க்கவில்லை. என்ன தரவேண்டும் என்று பத்துமலை கேட்டதற்கு, "நல்லா வாசி லா" என்றான்.

சனிக்கிழமை நாற்பது டியூப் லைட்டுக்குக் கீழே ரப்பர் மரம் கணீரென்று பாடியது. கீழே முன்வரிசையில் வீரம்மா, காதில் அக்காவின் தோடு. தவமணி அவள் மடியில்.

பத்துமலைக்கு மட்டும் அதோடு முடியவில்லை. தோட்டைக் கழற்றிக் கொடுத்த இருளாயியைப் பேயென்று ஊர்முன்னால் சொல்லவைத்தவன் அவன்தானே. திருவிழாவில் கிடைத்ததையும், சித்தருக்குப் போயிருக்க வேண்டியதையும் சேர்த்து, ஈப்போவில் ஒரு ஜோடிச் சின்னத் தோடு வாங்கினான். பட்டறை விடுமுறை நாளில், வீட்டில் சொல்லாமல், பழைய தோட்டத்துக்குப் பஸ் ஏறினான்.

இடுகாடு செம்பனைக்குள் மறைந்திருந்தது. புல் செதுக்க மண்வெட்டி இரவல் வாங்கிப் போனான், வேலை இருக்கவில்லை. இருளாயியின் மேடு சுத்தமாக இருந்தது. மேலே காய்ந்த செம்பருத்தி. யார் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, சற்றுத் தள்ளிச் செம்பனைப் பழம் பொறுக்கிக்கொண்டு ஒருத்தி போவது தெரிந்தது. செல்லாயி. அந்த நாளில் இருளாயிக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவள். குனிந்து நிமிரும்போது வெயிலில் காது தெரிந்தது. இரண்டு காதிலும் ஈர்க்குச்சி.

அவள் சைக்கிள் பாதையோரம் சாய்ந்திருந்தது. கைப்பிடியில் சாப்பாட்டுத் தூக்கு, பக்கத்தில் செருகிய ஒரு கொத்துச் செம்பருத்தி. பத்துமலை சுற்றிலும் பார்த்தான். தோட்டுப் பொட்டலத்தைக் கைக்குட்டையில் முடிந்து, தூக்கு வளையத்தில் அவிழாதபடி கட்டினான். அவள் இன்னும் மரங்களுக்குள் குனிந்துகொண்டுதான் இருந்தாள்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தான்.