அப்பவே அண்ணாச்சியின் சின்னக் கேள்வி

நம் நாட்டில் ‘அப்பவே அண்ணாச்சி’ என்றோர் இனம் உண்டு. உலகத்தின் எந்த மூலையில் எவன் எதைச் செய்து காட்டினாலும், “இது நம்மகிட்ட அப்பவே இருந்துச்சுல்ல!” என்று சொல்வதற்கென்றே பிறந்தவர்கள். பாஸ்தாவைத் தட்டில் வைத்தால் இடியாப்பத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்பார். செயற்கைக்கோளைக் காட்டினால் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டுவார். சரி, இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்வாரா? மாட்டார். பெருமூச்சு விடுவார்.

எங்கள் சிவகாசியில் இந்த இனத்தின் முழுவளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் ஜெயபாண்டி. காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி முதலாளி. சீசன் முடிந்து கடைசி லோடும் ஏறிவிட்டால் ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசை, நடு நாற்காலி, ஒரு துண்டு, ஒரு கனைப்பு. பேச்சாளர் முடிப்பதற்குள் எழுந்துவிடுவார். “கேள்வின்னு சொல்ல முடியாது, ஒரு சின்னக் கருத்து” என்றுதான் தொடங்குவார். அந்தச் சின்னக் கருத்துக்குள் மூன்று சங்கம், இரண்டு கடற்கோள், அவர் மதுரையில் படித்த காலத்து அனுபவங்கள் எல்லாம் அடங்கும்.

போன பங்குனியில் கல்லூரி ஆசிரியை ஆர்த்தி, நாயாய் அலைந்து, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒருநாள் கெல்டிக் இசை விழா நடத்தினார். ஸ்காட்லாந்திலிருந்து ஹேமிஷ் என்ற, தோல்பை வைத்த பைப் ஊதும் இசைக்காரரும், அயர்லாந்திலிருந்து வயலின்காரர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மாலையில் கச்சேரி, காலையில் பயிலரங்கம். பயிலரங்கத்தில் தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. ஹேமிஷ் ஒரு மெட்டு ஊதுவார். கேட்டவர்கள் தங்கள் வாத்தியத்தில் திருப்பி வாசிக்க வேண்டும். கடைசி அரைமணி நேரம் உள்ளூர் ஆட்களுக்கு. அதில் மனசுக்குப் பிடித்த ஒருவரை அடுத்த ஆண்டு தங்கள் ஊர் விழாவுக்கு அழைத்துப் போவதாக ஹேமிஷ் சொல்லியிருந்தார்.

அந்த அரைமணிக்காகப் பின்வரிசையில் ஒருவர் காத்திருந்தார். பக்கத்து ஊரான எம். புதுப்பட்டிக்காரர், ராக்கப்பன். நையாண்டி மேளக் கோஷ்டியில், காற்றடைத்த ஆட்டுத்தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு துருத்தி வாசிப்பவர். இரண்டு மணிக்கு அச்சங்குளம் காளியம்மன் பொங்கலில் மேளம். கோஷ்டித் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அதுவரை அனுமதி வாங்கி வந்திருந்தார். மடியில் மஞ்சப்பை, பைக்குள் துருத்தி.

ஹேமிஷ் தன் பைப்பைத் தோளில் சாய்த்து, ஒரு மெட்டை முழங்கிவிட்டு, “இனி உங்கள் முறை” என்றார். ராக்கப்பன் மஞ்சப்பையை அவிழ்த்தார். அண்ணாச்சி எழுந்தார்.

“கேள்வின்னு சொல்ல முடியாதுங்க...”

மைக் எப்படி அவர் கைக்குப் போனதென்று இன்றுவரை தெரியவில்லை. இந்தப் பை வாத்தியம் நம் துருத்திதான் என்றார், தமிழும் இங்கிலீஷும் கலந்து. கொற்கையில் கப்பலேறியது என்றார். எந்தக் கப்பல் என்பதைக்கூடச் சொல்லப்போனார். நல்லவேளை, இருமல் வந்தது. ஆர்த்தி ஒரு சீட்டு அனுப்பினார்: ‘நேரமாகிறது.’ அண்ணாச்சி அதைப் படித்து, பாராட்டுக் கடிதம் வந்தவர்போலப் புன்னகைத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு மணிக்கு அதே மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. வாழையிலைக் கட்டுகள் வாசலுக்கு வந்துவிட்டன. பெண்வீட்டாரிடம் பத்து நிமிஷம் கெஞ்சி வாங்க ஆர்த்தி வெளியே ஓடினார்.

ராக்கப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

“அண்ணாச்சி, செத்த உக்காருங்க. ரெண்டு மணிக்கு நான் அச்சங்குளத்துல நிக்கணும்.”

அண்ணாச்சி அவரையும் மஞ்சப்பையையும் ஒருதரம் பார்த்தார். “பந்திக்கு இன்னும் நேரம் கெடக்குப்பா. இங்கன பாரம்பரியத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்ல?”

சபை சிரித்தது. ராக்கப்பன் போய் உட்கார்ந்தார்.

ஹேமிஷ் மரியாதைக்காரர். “இந்தத் துருத்தியை நான் கேட்க முடியுமா? வாசிப்பவர் யாராவது இருக்கிறார்களா?” என்று ஆர்வமாய் இங்கிலீஷில் கேட்டார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. அதுவும் நிஜமாகவே கலங்கியது, அதுதான் வயிற்றெரிச்சல். “ஆல் ஃபினிஷ்டு சார். இப்ப வாசிக்க ஒருத்தன் கிடையாது. நோ மேன்!” என்றார். மகள் கல்யாணத்துக்குக் கேரளத்திலிருந்து செண்டை மேளம் இறக்கிய மனிதர் இவர். உள்ளூர் மேளக்காரர்களை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

ஆர்த்தி திரும்பி வரும்போது இலை போட ஆரம்பித்திருந்தார்கள். ராக்கப்பன் அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறியிருந்தார்.

மாலைக் கச்சேரியின் முடிவில் ஹேமிஷ் மேடையில் நின்று சொன்னார்: “இந்த மண்ணில் என் வாத்தியத்துக்கு ஒரு சகோதரன் இருந்தானாம். இன்று காலைதான் அவன் இறந்த செய்தி கேட்டேன். எங்கள் ஊரில் இழவுக்கு வாசிக்கும் மெட்டு ஒன்றை அவனுக்காக வாசிக்கிறேன்.” ஆர்த்தி பதறிப்போய் மேடைக்கு ஓடினார், அதற்குள் பைப் முழங்கத் தொடங்கிவிட்டது. ஐந்து நிமிஷம். அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று கைதட்டினார்.

அதே நேரத்தில் அச்சங்குளத்தில், இறந்துபோன துருத்திக்கு ஊரே ஆடிக்கொண்டிருந்தது.

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சின்னக் கேள்வி. மேலே ‘பைப்’ என்று படித்ததுமே, ‘நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு இருந்துச்சே’ என்று உங்கள் மனசு முந்திக்கொண்டதா, இல்லையா? அப்படியானால், உங்கள் வீட்டுக் கடைசிக் கல்யாணத்தில் என்ன மேளம்? பதில் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடிக்குமுன் ஒருதரம் பின்னால் திரும்பிப் பாருங்கள், அதுபோதும்.

போதுமா என்றால், அதுவும் போதாது. நான் திரும்பிப் பார்த்தவன். அண்ணாச்சிக்கு அடுத்த நாற்காலிதான் எனக்கு. மஞ்சப்பையிலிருந்து ஆட்டுத்தோல் எட்டிப் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அண்ணாச்சி “நோ மேன்” என்றபோது சபை கைதட்டியது, நானும் தட்டினேன்.